மசூராவில் மௌனம்

குண்டசாலையில் நாங்கள் நால்வர் பங்காளிகளாக வியாபாரம் செய்கிறோம். 2022 ஜனவரியில் மசூரா கூடியது. டொலர் 203 ரூபாவிலேயே நிற்கும், டொலர் கடனுக்குச் சரக்கு இறக்குவோம் என்றார் மூத்தவர். மற்ற மூவரும் தலையாட்டினோம். எனக்கு உள்ளூரச் சந்தேகம்; சபையைக் குழப்பக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டது. மே மாதமாகும்போது டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறிவிட்டது. நஷ்டத்தைப் பங்கிடும்போதுதான் தெரிந்தது, மற்ற இருவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது!

அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜேனிஸ் 1972இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார். குழுவின் ஒற்றுமை கெடக் கூடாதென்ற எண்ணமே ஒவ்வொருவர் அபிப்பிராயத்தையும் விழுங்கிவிடுகிறதாம்.

நாட்டு நிர்வாகத்திலும் பார்த்தோமே. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. விளைச்சல் விழும் என்று எச்சரித்த பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே, விவசாய அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பரில் தடையை நீக்கினார்கள். பெரும்போக விதைப்புக்கு அது பிந்திய உதவி.

இப்போது எங்கள் மசூராவில் இளையவர் முதலில் பேசுவார், மூத்தவர் கடைசியில். முறை வைத்து ஒருவர் எதிர்த்துப் பேசியே ஆக வேண்டும். போன வாரம் என் முறை. என் சொந்த யோசனையையே எதிர்க்க வேண்டியதாயிற்று, கைவிட்டும் விட்டோம்.