கடலை விளையும் ஊரில் முதல் கடலை

அன்புள்ள மகளுக்கு,

பேரனுக்கு ஆறு மாதம் முடியப்போகிறது என்றதும் பெரியம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கேழ்வரகுக் கூழும் பருப்பு சாதமும் ஊட்ட நம் ஊர் சத்தியவேட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேர்க்கடலை, முட்டை என்றால்தான் சொந்தத்தில் யாராவது தடுப்பார்கள்: "அலர்ஜி வரும், மூணு வயசு போகட்டும்."

அதுவும் ஒரு காலத்தில் மருத்துவர்கள் சொன்னதுதான். அலர்ஜி வர வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையும் வேர்க்கடலையை மூன்று வயது வரையும் தள்ளிப்போடும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000-ல் கூறியது. அதனால் பலன் கிடைத்ததற்குச் சான்று இல்லாததால் 2008-ல் அதைக் கைவிட்டது.

அதே ஆண்டு லண்டன் மருத்துவர் கிடியன் லாக்கின் குழு யூதப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. இஸ்ரேலில் வளர்பவர்களைவிடப் பிரிட்டனில் வளர்பவர்களுக்குக் கடலை அலர்ஜி பத்து மடங்கு. இஸ்ரேலில் ஒரு வயதுக்குள்ளேயே கடலைத் தின்பண்டம் கொடுத்துவிடுவார்கள். பிறகு கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஐந்து வயது வரை கவனித்தார்கள். கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். இது வெளியான ஆண்டு 2015.

லாக் தரும் விளக்கம் கடலை விளையும் சீமைக்கு முக்கியமானது. வெடித்த தோல் வழியே கடலைத் தூள் புகுந்தால் உடம்பு அதை எதிர்க்கிறது. வாய் வழியே போனால் ஏற்கப் பழகுகிறது. கடலை உடைத்த கையைக் கழுவாமல் பிள்ளையைத் தூக்க வேண்டாம். கரப்பான் உள்ள தோலில் கடலை எண்ணெயும் தடவக் கூடாது.

முழுக்கடலை ஐந்து வயது வரை ஆகாது, மூச்சுக்குழலை அடைத்துவிடும். பூஞ்சை பிடித்ததையும் சூம்பியதையும் பொறுக்கி எறிந்துவிட்டு, வறுத்து, தோலை ஊதி, மைய அரைத்துக் கூழில் கரைக்க வேண்டும். பிள்ளை நலமாக இருக்கும் நாளில், பகலில், கரண்டி நுனியால் துளி. பத்து நிமிடம் பார்த்துவிட்டு மீதி. இரண்டு மணி நேரம் கண் பார்வையில் இருக்கட்டும். ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு மூன்று முறை விடாமல் தர வேண்டும். நன்றாக வெந்த முட்டையை வேறொரு நாளில் தொடங்கலாம்.

உதடு வீங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 108.

பேரன் கன்னத்தில் கரப்பான் தடம் இருப்பதாகக் கேள்வி. கடலை தொடங்கும் முன் குழந்தை மருத்துவரிடம் அதைக் காட்டிவிட வேண்டும், இந்த வாரமே.

அன்புடன்,
பெரியம்மா