பெராக்சிசோம்: செல்லுக்குள் ஒரு தனிக் கொட்டகை

தீப்பிடிக்கும் சரக்கை மற்றச் சரக்குகளோடு சேர்த்து அடுக்குவதில்லை. நம் வெலிங்டன் தீவுத் துறைமுகமானாலும் சரி, ரயில்வே யார்டானாலும் சரி, அதற்குத் தனி இடம், தனிக் கட்டுப்பாடு உண்டு. நம் உடலின் செல்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. அந்தத் தனி இடத்தின் பெயர் பெராக்சிசோம்.

1954-ல் ஸ்வீடனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த யோஹன்னஸ் ரோடின், சுண்டெலியின் சிறுநீரகச் செல்லில் இந்த நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் 1960-களில் இவற்றின் வேலையை ஆராய்ந்து இப்பெயரைச் சூட்டினார். செல்லின் உள்ளமைப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 1974-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர் இவர்.

இதன் வேலை என்ன? கொழுப்பு அமிலங்களில் மிக நீளமான சங்கிலி அமைப்புடையவற்றை, செல்லின் எரிசக்திக் கூடமான மைட்டோகாண்ட்ரியா நேரடியாக எரிக்க இயலாது. பெராக்சிசோமே அவற்றை முதலில் துண்டாக்கித் தருகிறது. அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. அது மிகுந்தால் செல்லுக்கே தீங்கு. ஆகவே அங்கேயே உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றிவிடுகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை உருளைக்கிழங்குத் துண்டின்மீது சில சொட்டு விட்டால் நுரை பொங்கும். அது கேட்டலேஸின் வேலையே. பெரியவர்கள் உடனிருந்து பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம்.

நரம்புகளின் மேலுறைக்கு வேண்டிய ஒருவகைக் கொழுப்பின் தயாரிப்பும் இங்கேதான் தொடங்குகிறது. பெராக்சிசோம் சரிவர உருவாகாமல் பிறக்கும் குழந்தைக்கு ஜெல்வெகர் என்னும் கடும் நோய் உண்டாகிறது. உடல் தளர்ச்சி, வலிப்பு, ஈரல் கோளாறு எனத் துன்புற்று, பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்துவிடுகின்றன. இந்நோயாளிகளின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் பெராக்சிசோம்களே இல்லை என்பது 1973-ல் தெரியவந்தது.

இது அபூர்வ நோய். தாய், தந்தை இருவரும் ஒரே ஜீனில் பழுதைச் சுமந்தால்தான் வரும். அவர்களுக்கோ நோயின் அறிகுறியே இராது. அத்தகைய தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் மணம் முடித்தால், ஒரே பாட்டன் பாட்டி வழிவந்த பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இவ்வாறு வரும் வேறு பல நோய்களுக்கும் இது பொருந்தும்.

ஊரை விட்டுக் கொச்சிக்கு வந்த பின்னும், பெண்ணுக்குத் தாய்மாமனையோ அத்தை மகனையோ பார்க்கும் வழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. குடும்பத்தில் கைக்குழந்தையாகவே, காரணம் தெரியாமல் இறந்த பிள்ளை உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். உண்டெனில், நிச்சயதார்த்தத்திற்கு முன்பே மரபியல் மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள். ஜாதகம் பார்க்கும் வீட்டில் இதையும் பார்ப்பது நன்று.