சிறுநீரகம் தந்தவரின் வலிக்கு எந்த ஊசி?

1995-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லாயிட் ராட்னர், லூயி கவூசி என்ற இரு மருத்துவர்கள், உயிருடன் இருக்கும் கொடையாளரிடமிருந்து லேப்ராஸ்கோபி எனும் துளைவழி அறுவை மூலம் முதன்முதலில் சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதுவரை விலாவை ஒட்டி நீளமாகக் கீற வேண்டியிருந்தது. இன்று சில சிறு துளைகளும், சிறுநீரகத்தை வெளியே எடுக்க அடிவயிற்றில் சிசேரியன் தழும்பு போன்ற ஒரு கீறலும் போதும். வலி வெகுவாகக் குறைந்தது. ஆனால் அடியோடு போய்விடவில்லை.

கொடையாளர் நோயாளி அல்ல. நல்ல உடல்நலத்தோடு நடந்து வந்து, இன்னொருவருக்காகக் கத்தியை ஏற்றுக்கொள்பவர். இந்தியாவில் பெரும்பாலும் அது ஒரு தாயோ மனைவியோதான். வீட்டாரின் கவலையெல்லாம் சிறுநீரகம் பெறுபவர் மீதே இருப்பதால், கொடுத்தவரின் வலியைப் பற்றி யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்க வழிகள் பல இருக்கின்றன.

வலி மூன்று இடங்களிலிருந்து வருகிறது. இருமும்போதும் எழும்போதும் சுரீரென்று இழுப்பது கீறலின் வலி. சிறுநீரகம் இருந்த இடத்தில் ஆழமாக, மந்தமாக இருப்பது இன்னொன்று. மூன்றாவது தோள்பட்டையில் வரும். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறது. வயிற்றுச் சுவரில் போடும் மரப்பு ஊசி முதல் வலியைத்தான் நன்றாக அடக்கும். இதை அறியாதவர்கள், தோள் வலித்தவுடன் ஊசி வேலை செய்யவில்லை என்று பயந்துவிடுகிறார்கள்.

மரப்பு ஊசிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் எஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடும் என்பதால் பல மருத்துவமனைகள் அவற்றைத் தவிர்க்கின்றன. சில, குறுகிய காலத்துக்கு மட்டும் தருகின்றன. மார்ஃபின் வகை மருந்துகள் குமட்டல், மயக்கம், மலச்சிக்கல் மூன்றையும் கூடவே கொண்டுவரும். அடித்தளமாக பாராசிட்டமால் இருக்க, அதன்மேல் மரப்பு மருந்தைச் சேர்த்தால் மார்ஃபின் தேவையைக் குறைக்க முடியும்.

எளிய வழி, தையல் போடும்போதே கீறலின் ஓரங்களிலும் துளைகளிலும் புபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்துவது. அறுவை நிபுணரே சில நிமிடங்களில் செய்துவிடலாம், தனிக்கருவி வேண்டாம். சில மணி நேரம்தான் தாங்கும்.

அடுத்தது டேப் பிளாக். மயக்க மருந்து நிபுணர் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே நரம்புகள் ஓடும் தளத்தில் மருந்தைச் செலுத்துவார். இங்கிலாந்தின் லெஸ்டர் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஊசி பெற்ற கொடையாளர்களுக்கு முதல் ஆறு மணி நேரத்தில் மார்ஃபின் குறைவாகவே தேவைப்பட்டது. மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே மார்ஃபினைக் குறைப்பதில் இதன் பலன் அந்த முதல் சில மணி நேரத்தில்தான். இன்னும் பின்பக்கமாகப் போடும் குவாட்ரேட்டஸ் லம்போரம், எரெக்டர் ஸ்பைனே ஊசிகள் ஆழ வலியையும் தொடக்கூடும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. பழகிய கை தேவை. காயத்தில் மெல்லிய குழாயை விட்டுவைத்து இரண்டு மூன்று நாள் மருந்தை ஊறவைக்கும் முறையும் இருக்கிறது. அந்தக் குழாயைப் பராமரிக்க வார்டில் ஆள் இருந்தால் நல்லது.

முதுகு வழியாகப் போடும் எபிடூரல் ஊசி வலியை வலுவாக அடக்கும். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கலாம், கால் மரக்கலாம், எழுந்து நடப்பது தாமதமாகலாம். துளைவழி அறுவைக்கு அது தேவைக்கு மிஞ்சியது. கீறல் பெரிதாகும் திறந்த அறுவையில்தான் அதற்கு இடம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று தோன்றும். மருந்தளவின் உச்சவரம்பு அதற்கு இடம் தராது. புபிவக்கெய்னுக்குப் பொதுவான கணக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள தாய்க்கு 100 மில்லிகிராம், 0.25 சதவீத மருந்தில் அது 40 மில்லி. இருபுறமும் 20 மில்லி வீதம் டேப் பிளாக் போட்டாலே அளவு தீர்ந்துவிடும். அதற்குமேல் கீறலிலும் செலுத்தினால், நாக்கில் உலோகச் சுவை, வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், முற்றினால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். ரத்தநாளம் வழியாக லிடோகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தை ஏற்றும் முறையையும் இந்த ஊசிகளோடு ஒரே நேரத்தில் சேர்க்கக் கூடாது. அளவு மீறிய மரப்பு மருந்தின் நச்சுக்கு முறிமருந்தான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அறுவை அரங்கில் இருக்கிறதா என்று கேட்பது கொடையாளரின் உரிமை.

டேப் பிளாக்கில் கைதேர்ந்தவர் இருந்தால் அதையே கேட்கலாம். இல்லையெனில் கீறலில் போடும் ஊசியே போதுமானது, அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். காலையில் போட்ட ஊசியின் வீரியம் பெரும்பாலும் இரவில் இறங்கும். வலி ஏறும்வரை காத்திராமல், எழுதித் தந்த இடைவெளியில் பாராசிட்டமாலை இரவிலும் விடாமல் தரும்படி, அறுவைக்கு முந்தைய நாளே மயக்க மருந்து நிபுணரிடமும் வார்டு செவிலியரிடமும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.