வாய்க்காலும் வடிகாலும்

இராக்கின் தென் சமவெளியில் மழை மிகக் குறைவு. யூப்ரடீஸ் நதியிலிருந்து வாய்க்கால் வெட்டியே சுமேரியர் நாகரிகம் வளர்த்தனர். 5,000 ஆண்டுகளுக்கு முன்பே ஊருக் பெருநகராயிற்று. தானியக் கணக்குக்காகவே அங்கு களிமண் பலகையில் எழுத்துப் பிறந்தது. கணக்கரே முதல் எழுத்தாளர் போலும்!

ஆனால், பாய்ச்சிய நீர் வடிய வழியில்லை. நிலத்தடி நீர் மேலேறி ஆவியாக, உப்பு மண்ணில் தங்கிற்று. உவர் பூத்த வயலைக் கண்ட குடியானவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வாற்கோதுமை உப்பை ஓரளவு தாங்கும். கோதுமை அவ்வளவு தாங்காது. கி.மு. 3500 அளவில் ஏறக்குறையச் சமமாக விளைந்த இவ்விரண்டில், கி.மு. 1700-க்குள் தெற்கே கோதுமை மறைந்ததென ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்னும் அறிஞர்கள் 1958-இல் எழுதினர். அதில் உப்பின் பங்கு எவ்வளவு என்பதில் பின்வந்தோரிடையே கருத்து வேறுபாடு உண்டு; வறண்ட நாட்டில் வடிகாலற்ற பாசன நிலம் உவராகும் என்பதில் இல்லை.