திருச்சி – பலாலி: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?



"யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மாவைத் திருச்சிக்குக் கூப்பிட்டுப் பார்க்கலாமோ? எவ்வளவு நேரம் பிடிக்கும்?" எண்டு கேட்பவர்களுக்காக இந்தப் பாடம். ஒரு பேனையும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தூரம்

பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17இல் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. திருச்சிச் சேவையை இண்டிகோ நிறுவனம் 2025 மார்ச் 30இல் ஆரம்பித்தது.

நேர்கோட்டில் அளந்தால்:
பலாலி – சென்னை: சுமார் 355 கி.மீ.
சூரிச் – ஜெனீவா: சுமார் 230 கி.மீ.
பலாலி – திருச்சி: சுமார் 185 கி.மீ.

பாருங்கோ, சூரிச்சிலிருந்து ஜெனீவாவை விடத் திருச்சி பலாலிக்குக் கிட்ட!

2. பறக்கும் நேரம்

இந்த வழியில் பறக்கும் ஏ.ரி.ஆர். வகைச் சிறிய விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. 185ஐ 500ஆல் பிரித்தால் 22 நிமிடம். ஆனால் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போட்டிருக்கும். பிழையில்லை. விமானம் தரையில் ஓடுவது, மேலே ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாம் அதற்குள் அடங்கும். தூரம் குறையக் குறைய இந்த நேரத்தின் பங்கு கூடும்.

3. மணிக்கூடு

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். ஆகவே இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தை நேராகக் கழிக்கலாம். சுவிஸ் நேரம் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலமும் பின்னால் நிற்கும். சூரிச்சிலிருந்து கணக்குப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

4. வீட்டு வாசலிலிருந்து

வயது போன அம்மாவுக்கு முக்கியம் மொத்த நேரம். கொழும்பு வழியாகப் போனால் முதலில் கிட்டத்தட்ட 400 கி.மீ. தரைவழி. பலாலியில் அந்த அலைச்சல் இல்லை. ஆனாலும் அவருக்கு இந்திய வீசா வேணும். விமான நிலையத்துக்கு நேரத்தோடு போகவும் வேணும். சேவை நாட்கள் மாறக்கூடும். ரிக்கற் எடுக்கமுன் விசாரியுங்கள்.

5. மிக முக்கியம்: உங்கள் அட்டை

திருச்சி வரை வந்தவர், "ஒரு மணித்தியாலம்தானே, வீட்டை ஒருக்கால் எட்டிப் பார்ப்பம்" எண்டு நினைக்கக்கூடும். அகதியாக ஏற்கப்பட்டவர் அப்படிச் செய்யக்கூடாது. சுவிஸ் சட்டப்படி அவருக்குச் சொந்த நாட்டுப் பயணம் தடை. ஒரு நாள் போய் வந்தாலும் அகதி அந்தஸ்து பறிபோகலாம். இலங்கைப் பாஸ்போட் எடுப்பதும் அதே ஆபத்துத்தான்.

அகதிப் பயணப் பத்திரம் உள்ளவர் இந்தியா போக இந்திய வீசா எடுக்க வேண்டும். அகதியாக ஏற்கப்படாத எஃப் அட்டைக்காரரும் என் அட்டைக்காரரும் சுவிசை விட்டு வெளிக்கிடமுன் அனுமதி பெற வேண்டும். அது சில நிபந்தனைகளின் பேரில் மட்டுமே கிடைக்கும்.

ஆகவே முதலில் அட்டை, பிறகு வீசா, கடைசியாக ரிக்கற். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால், காசு கட்டமுன் உங்கள் அட்டையையும் பயணப் பத்திரத்தையும் கொண்டு எங்களிடம் வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.