ஒருசாலை மாணாக்கர்

ஓர் ஆசிரியரிடத்து உடனிருந்து பயின்றாரை 'ஒருசாலை மாணாக்கர்' என வழங்குதல் நம் உரையாசிரியர்தம் மரபு. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் செய்த பனம்பாரனார் அந்நூலாசிரியர்க்கு ஒருசாலை மாணாக்கர் என்பர். ஒருவன் தன் நூலின் பெருமையைத் தானே கூறுதல் தகாதாகலின், பாயிரம் உரைத்தற்கு உரியாரை நன்னூலார் நால்வராக வகுத்தனர். அவன் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், அவன் நூலுக்குத் தக்க உரை செய்தவன் என்போர் அந்நால்வர். ஆசிரியனை அடுத்து உடன்கற்றவனை வைத்தமை உன்னத்தக்கது.

அந்நன்னூலே பிறிதொரு கணக்கும் கூறும். ஆசிரியன் உரைத்ததை எவ்வளவு அமைவரக் கொள்ளினும், மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு தான் பிறர்க்கு உரைத்தலால் நிரம்பும். ஆகவே நம் கல்வியில் நாற்கூற்றில் ஒரு கூறு நம் அருகில் அமர்ந்திருந்தார் தந்த கொடையாம். ஆசிரியர்க்குப் பட்ட கடனை நாம் அடிக்கடி பேசுகின்றோம். இக்கடனைப் பேசுவார் அரியர்.

கல்லூரியை விட்டுப் பிரிந்த ஒருசாலை மாணாக்கர், முப்பது ஆண்டு கழிந்து, தலை நரைத்த பின்னர் மீண்டும் சந்திப்பராயின் அச்சந்திப்பு எத்தகையதாதல் வேண்டும்? இவ்வினா என்னுள் எழுந்த வகையைக் கூறுவேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரியிற் பழைய மாணவர் தினம் கொண்டாடிய போழ்து, வருகைப் பதிவேட்டின் அருகே நிற்கும் பணி எனக்கு வாய்த்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, தம் வகுப்பினர் யாவர் வந்துளர் என வினவினார். யான் பெயர்களைப் படித்தேன். ஒவ்வொரு பெயர்க்கும் எதிரே பதவியும் எழுதப்பட்டிருந்தது; அதனையும் படித்தேன். அவர் எழுதுகோலைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் நின்றார். பின்னர் எழுதாமலே அதனை மேசைமேல் வைத்து, "இருக்கட்டும், தம்பி" என்று கூறி வந்த வழியே சென்றார். பதவி என்னும் கட்டத்தில் எழுதுதற்கு அவரிடம் ஒன்றும் இல்லைபோலும் என்பது அவர் சென்ற பின்னரே எனக்குத் தோன்றிற்று. என் வாய்ச்சொல்லே அவரைத் திருப்பியனுப்பியது என்னும் எண்ணம் இன்னும் நீங்கிற்றில்லை.

திருவள்ளுவர் நட்பு, நட்பாராய்தல் என்னும் அதிகாரங்களை அடுத்துப் 'பழைமை' என ஓரதிகாரம் வகுத்தனர். நெடுநாட் பழகியார் உரிமையாற் செய்வனவற்றை ஏற்றுக்கொள்ளுதல் பழைமையாம். அவ்வுரிமைக்குக் 'கிழமை' என்று பெயர். கேளாதே ஒன்றனைச் செய்தலும் அக்கிழமையின்பாற் படும். பிரிந்தார் மீண்டும் கூடும்போது உண்மையில் எழும் வினா இதுவே: அன்றிருந்த கிழமை இன்றும் உண்டோ, இன்றோ? இதற்கு விடையாகப் பழைய கதைகள் இரண்டு உள.

மகாபாரதத்து ஆதிபருவத்தில் துரோணனும் துருபதனும் பரத்துவாச முனிவரது ஆசிரமத்தில் உடன் விளையாடி உடன் கற்றவர். துருபதன் பாஞ்சால மன்னனாயினான், துரோணனோ வறுமையுற்றான். பிற சிறுவர் மாவைக் கரைத்த நீரைப் பாலென்று கொடுக்க, தன் மகன் அசுவத்தாமன் அதனை உண்டு மகிழ்ந்தாடக் கண்ட துரோணன், மனம் பொறாது மன்னனிடஞ் சென்று 'நண்பனே' என்று விளித்தான். ஒப்புடையார்க்கே நட்பு உண்டு என்று கூறித் துருபதன் அவனை இகழ்ந்தான். அச்சொல் துரோணன் நெஞ்சிற் கிடந்து, பின்னர்ப் பாண்டவரைக் கொண்டு துருபதனைச் சிறைபிடிப்பித்தது. அப்பொழுது துரோணன், 'ஒப்புடையார்க்கே நட்பு என்றாய். ஆதலின் நின் நாட்டிற் பாதியை யான் கொள்வேன். இனி நாம் ஒப்புடையேம்' என்றான். அங்ஙனம் பெற்ற ஒப்பினால் நட்பு விளைந்ததோ எனின், இல்லை. துருபதன் வேள்வி செய்து திட்டத்துய்மனைப் பெற்றான். பாரதப் போரின் பதினைந்தாம் நாள் துரோணன் தலை அவன் கையாற் கொய்யப்பட்டது. ஒரு சொல்லில் தொடங்கிய பகை இரு குடியையும் அழித்தது.

மற்றொன்று குசேலர் வரலாறு. பாகவதத்துப் பத்தாம் கந்தத்தில் வருவதும், தமிழிற் குசேலோபாக்கியானம் என்னும் நூலாக விரிந்ததும் ஆகிய இக்கதையை அறியாதார் இலர். சாந்தீபனி முனிவரிடம் கண்ணனோடு கற்ற குசேலர், மனைவி வேண்ட, கந்தையில் முடிந்த அவலோடு துவாரகை சென்றார். நாம் நோக்கற்பாலது கண்ணன் செய்த முறைமை. அவன் குசேலரது தொழிலையும் பொருளையும் வினவினானல்லன். விறகு கொணரச் சென்ற காட்டில் மழையும் இருளும் சூழ, இருவரும் கைகோத்து அலைந்த இரவை நினைவூட்டினான். பின்னர், 'எனக்கு என் கொணர்ந்தனை?' என்று கேட்டு, நாணி மறைத்த அவலைத் தானே பறித்து உண்டான்.

இவ்விரண்டையும் ஒப்பிடின் ஓருண்மை புலப்படும். துரோணன் கதையில் தாழ்ந்தவன் கிழமை கொண்டாடினான், உயர்ந்தவன் மறுத்தான். குசேலர் கதையில் தாழ்ந்தவர் கிழமை கொண்டாட நாணினார். உயர்ந்தவனே முற்பட்டு அதனைக் கொண்டாடினான். வறியவன் தானே உரிமை பாராட்டின் இரப்பென்று எண்ணப்படுமோ என அஞ்சுவான். ஆதலின் முதலடி வைக்கும் கடமை, வாழ்வில் உயர்ந்தவனுக்கே உரியது. கொடுத்தலினும், அவனிடமிருந்து ஒன்றைக் கேட்டுப் பெறுதலே அவன் நாணத்தை நீக்கும்.

இவை கதையென்பார்க்குத் தஞ்சை வரலாறு சான்றாகும். வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) இரண்டாம் சரபோஜி மன்னரும் (1777–1832) சுவார்ட்ஸ் ஐயரை ஆசிரியராகப் பெற்றவர்கள். ஐயர் 1798இல் காலஞ்சென்றார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். ஒருவர் அரசர்; மற்றவர் ஆசிரியத் தொழிலும் பாட்டுத் தொழிலும் பூண்டு, பெத்லகேம் குறவஞ்சி முதலியன பாடிய புலவர். புலவர் சமயத்தை அரசர் தழுவிலர். அரசர் சமயத்தைப் புலவர் தழுவிலர். எனினும் அரசர் புலவரைத் தம் அவையில் ஆதரித்தார். தம் ஆசிரியர்க்குப் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு அவர் அமைப்பித்த சலவைக்கல் நினைவுச் சின்னம் தஞ்சைக் கோயிலில் இன்றும் உள்ளது. பதவியும் சமயமும் வேறாயினும் பழைமை அழிய வேண்டுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இக்காலத்துப் பழைய மாணவர் பலர் கைப்பேசிவழிக் குழு அமைத்து நலம் வினவுகின்றனர். அஃது நன்றே. ஆயினும் அங்கும் புதுவீட்டின் படமும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுமே முன்னிற்குமாயின், சிலர் ஓசையின்றி விலகுவர்.

அன்றைய நிகழ்ச்சியின் எஞ்சிய பகுதியையும் கூறி முடிப்பேன். சிறிது நேரத்தில், பதவிக் கட்டத்தைப் பெரிதாக நிரப்பியிருந்த ஒருவர் என்னிடம் வந்து, தம் நண்பர் ஒருவர் பெயரைச் சொல்லி வினவினார். 'வந்தார் ஒருவர், எழுதாது சென்றார்' என்றேன். கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு அவர் வாயிலை நோக்கி ஓடினார். மாலையில் யான் விடுதிக்குத் திரும்புகையில், பேருந்து நிறுத்தத்து அருகிலுள்ள கடைப் பலகையில் இருவரும் அமர்ந்திருக்கக் கண்டேன். காசு கொடுத்தவர் முதலில் வந்தவரே.

மாணவ நண்பர்காள்! நாமும் இன்னும் சில திங்களிற் பிரிவோம். நம்முள் யார் துருபதன், யார் குசேலர் என்பதை இன்று அறிவாரில்லை. ஆதலின் விழாக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன்: இவ்வாண்டுப் பதிவேட்டில் பெயரும் பயின்ற ஆண்டும் இருக்கட்டும், பதவிக் கட்டம் வேண்டா.