தமிழ் மாணவரும் அரசுப் பணித் தேர்வும்

“தமிழ் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?” தமிழ்த்துறையில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலோ சுற்றத்திலோ ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் வினா இது. இவ்வினாவுக்குச் சினம் விடையாகாது, செய்தியே விடையாகும். எனவே, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய பணிகளுக்கு இத்தேர்வு வழி ஆள் தெரிவு நடைபெறுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைக் கல்வித் தகுதி. வினாக்கள் 200, மதிப்பெண் 300. இவற்றுள் 100 வினாக்கள் தமிழுக்கு உரியவை. தமிழ்ப் பகுதி 2022ஆம் ஆண்டுத் தேர்வு முதல் தகுதித் தேர்வாகவும் மதிப்பீட்டுத் தேர்வாகவும் அமைந்துள்ளது. அதன் 150 மதிப்பெண்ணில் 40 விழுக்காடாகிய 60 பெறாதவரின் மறுபகுதி திருத்தப்படுவதே இல்லை. பெற்றவருக்கோ அம்மதிப்பெண் தரவரிசையிலும் சேர்கிறது. பிறர் அஞ்சி நுழையும் வாயில், நமக்குப் பழகிய முற்றம் அன்றோ!

ஆயினும் நம் மாணவர் பலர் இடறுவது எங்கே? மறுபாதியில். பொது அறிவில் 75 வினாக்கள், திறனறிவில் 25 வினாக்கள் உள்ளன. இலக்கியம் கற்றோர் கணக்கைக் கண்டு ஒதுங்குவது வழக்கமாகிவிட்டது. விழுக்காடு, விகிதம், தனிவட்டி, காலமும் வேலையும் ஆகியன பள்ளியில் கற்றவையே. நாளொன்றுக்கு 10 கணக்குகள் எனப் போட்டுப் பழகினால் ஓராண்டில் மூவாயிரத்துக்கு மேல் போட்டுவிடலாம். தமிழிலும் நூற்சுவை மட்டும் போதாது; இலக்கணம், சொல்வளம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் விரைவும் பிழையின்மையும் வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். தமிழ் வழியில் பயின்றோருக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்குகிறது. அதற்குப் பள்ளிக் காலச் சான்றுகளும் தேவை. பயின்ற பள்ளிகளை நாடி அவற்றை இப்போதே பெற்றுவைத்தல் நன்று. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழில் உரிய பிரிவின் பெயர் சரியாக உள்ளதா என்பதைப் பெற்றோர் இன்றே பார்த்தல் வேண்டும். நன்கு படித்த மாணவர் ஒரு தாள் இல்லாமையால் வாய்ப்பிழந்தால், அக்குறை படிப்பின் குறையன்று, நம் கவனக்குறை.

மாலையில் ஒரு மணி நேரம் தட்டச்சுப் பயில்வதும் பயன்தரும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தேறியவருக்குத் தட்டச்சர் பணிக்கான வாயிலும் திறக்கிறது.

இவ்விடத்தில் ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு கடமை உண்டு. விழாவுக்கு வழங்கும் பொருளில் ஒரு பங்கை, தேர்வு நூல்களும் இரவு எட்டு மணி வரை எரியும் விளக்கும் உள்ள ஒரு படிப்பகத்திற்கு வழங்குவீர்களாயின், அது பல குடும்பங்களின் அடுப்பெரிக்கும். பணியில் அமர்ந்த முன்னாள் மாணவர் மாதம் ஒருநாள் அங்கு வந்து வழிகாட்டுதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! தமிழ் சோறு போடுமா என்று கேட்போரிடம் வாதிட வேண்டா. பணி ஆணையைக் கையில் கொண்டு சென்று காட்டுங்கள். அதுவே நாம் அனைவரும் விரும்பும் விடை.